காத்திராமல் பணிபுரியும் கணிப்பொறி

மனிதர் செய்யும் தொழில்களுள் பலவற்றில், உழைப்பிற்குச் செலவாகும் காலத்தைவிடக் காத்திருப்பதற்குச் செலவாகும் காலமே மிகுதியாக உள்ளது. தபால் நிலையத்தின் முன்னும், மருத்துவமனையின் வாயிலிலும், நியாய விலைக் கடையிலும் இதனை அன்றாடம் காணலாம். கணிப்பொறியும் இதற்கு விலக்கன்று. ஒரு விநாடியில் பல நூறு கோடி முறை துடிக்கும் ஆற்றல் பெற்ற அந்த யந்திரம், தக்க முறையில் அமைக்கப்படாவிடில், தன் காலத்தின் பெரும்பகுதியைப் பிறருடைய மறுமொழிக்காகக் காத்திருப்பதிலேயே கழித்துவிடும். அவ்வாறு காத்திராமல், ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருடைய வேண்டுகோள்களை ஏற்று நடத்தும் வழியொன்று சென்ற சில பத்தாண்டுகளில் உருப்பெற்று உலகெங்கும் பரவியுள்ளது. நிகழ்ச்சிகளால் இயங்கும் நிரல்முறை என்று அதனைக் கூறலாம்.

சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பலமனேரில் ஒரு தேநீர்க் கடையில் பத்து ரூபாய் செலுத்துபவர் முதல், திருமலை தரிசனத்திற்கு வலைத்தளத்தின் வாயிலாகச் சீட்டுப் பதிவு செய்பவர் வரை, இணையத்தின் துணையை நாடும் ஒவ்வொருவருடைய வேண்டுகோளும் தொலைவிலுள்ள ஒரு சேவைக் கணிப்பொறியை, அதாவது செர்வரை, அடைகிறது. அங்கே அது எவ்வாறு வரவேற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பணம் உரிய நேரத்தில் போய்ச் சேர்வதும், இடைவழியில் தொங்கி நிற்பதும் அமைகின்றன. ஆகவே இப்பொருள் பொறியியல் வல்லுநருக்கு மட்டுமே உரியதன்று.

மண்டியில் இரு முறைகள்

பலமனேர் வட்டாரம் தக்காளி விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள மண்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விவசாயி பெட்டிகளைக் கொண்டு வந்து இறக்குகிறார். அவை எண்ணப்படுகின்றன; தரம் பார்க்கப்படுகிறது; ஏலம் விடப்படுகிறது; பின்னர்க் கணக்கு எழுதிப் பணம் தரப்படுகிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு குமாஸ்தா வீதம் அமர்த்தி, அவருடைய சரக்கு இறங்கியது முதல் பணம் கைக்கு வரும்வரை அந்தக் குமாஸ்தா வேறு வேலை பாராமல் உடன் நிற்கவேண்டும் என்று விதித்தால் என்ன ஆகும்? ஏலம் தொடங்கும்வரை அவர் வாளா நிற்பார். நூறு விவசாயிகள் வந்தால் நூறு குமாஸ்தாக்கள் வேண்டும். நூற்றொன்றாவது விவசாயி வெளியே நிற்க நேரிடும்.

நடைமுறையில் எந்த மண்டியும் இவ்வாறு நடப்பதில்லை. ஒரே குமாஸ்தா ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு, வந்தவர் பெயரையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் குறித்து, அவரை அமரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறார். “இன்னாருடைய சரக்கு இன்ன விலைக்குப் போயிற்று” என்ற செய்தி வந்தவுடன் உரிய பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறார். காத்திருப்பது விவசாயியின் கணக்கே தவிர, குமாஸ்தா அல்லர். நிகழ்ச்சிகளால் இயங்கும் நிரலின் தத்துவம் முழுவதும் இந்தப் பேரேட்டில் அடங்கியிருக்கிறது.

பதினாயிரம் பேர் என்னும் சிக்கல்

தொடக்கத்தில் வலைத்தளங்களை நடத்திய செர்வர்கள் பெரும்பாலும் முதலிற் கூறிய முறையையே பின்பற்றின. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனிச் செயற்கூறோ, இழை எனப்படும் செயற்கிளையோ ஒதுக்கப்பட்டது. 1995-இல் வெளிவந்து பெருவழக்குப் பெற்ற அப்பாச்சி என்னும் செர்வர் நிரலும் முதலில் இவ்வாறே அமைந்திருந்தது. இம்முறை எழுதுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் எளியது. ஆயின் ஒவ்வோர் இழைக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கவேண்டும். ஓர் இழைக்கு ஒரு மெகாபைட் வீதம் கொண்டால், பதினாயிரம் பேருக்கு ஏறக்குறையப் பத்து கிகாபைட் தேவையாகும். அன்றியும் ஓர் இழையை நிறுத்தி மற்றொன்றை எழுப்பும் வேலையே இயக்க முறைமைக்குப் பெரும் சுமையாகிவிடும்.

1999-இல் டான் கெகல் என்ற அமெரிக்க நிரலாளர், ஒரே செர்வர் ஒரே சமயத்தில் பதினாயிரம் பேருக்குச் சேவை செய்ய இயலவேண்டும் என்று எழுதி, அதற்குத் தடையாயிருப்பவை யாவை என ஆராய்ந்தார். அவர் கூறிய காரணம் எளிய கணக்கே. அவர் எடுத்துக்காட்டாகக் கொண்ட கணிப்பொறி 1000 மெகாஹெர்ட்ஸ் வேகமும், 2 கிகாபைட் நினைவகமும், விநாடிக்கு 1000 மெகாபிட் செலுத்தும் வலைத்தொடர்பும் உடையது. இதனை 20,000 பேருக்குப் பங்கிட்டாலும், தலைக்கு 50 கிலோஹெர்ட்ஸ் வேகமும், 100 கிலோபைட் நினைவகமும், விநாடிக்கு 50 கிலோபிட் தொடர்பும் கிடைக்கும். ஒரு சிறு பக்கத்தை எடுத்துக் கொடுப்பதற்கு இது போதுமானதன்றோ? எனவே குறை யந்திரத்தில் இல்லை. அதனை வேலை வாங்கும் முறையிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று.

யந்திரத்தின் காலக் கணக்கும் இதனையே உணர்த்துகிறது. சுழலும் தட்டிலிருந்து ஒரு செய்தியை எடுக்கப் பத்து மில்லிவிநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலகம் அதற்குள் மூன்று கோடி முறை துடித்துவிடுகிறது. பலமனேரிலிருந்து வேறொரு நகரிலுள்ள வங்கிக் கணிப்பொறிக்குச் செய்தி சென்று மீள்வதற்கு இதைவிடப் பன்மடங்கு காலம் ஆகலாம். அந்நேரம் முழுவதும் ஒரே வேண்டுகோளுக்காக வாளா இருப்பது எவ்வளவு வீண்!

நிகழ்ச்சிச் சுழல்

இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு இயக்க முறைமையின் உதவி தேவைப்பட்டது. ‘எந்தத் தொடர்பில் செய்தி வந்துள்ளது?’ என்று பல தொடர்புகளை ஒருங்கே வினவும் வசதி, பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாத் தொடர்புகளையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருந்தமையால், எண்ணிக்கை பெருகப் பெருக அது தளர்ந்தது. பின்னர் 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி இயக்க முறைமையில் கேக்யூ என்னும் அமைப்பும், 2002-இல் லினக்ஸில் ஈபோல் என்னும் அமைப்பும் தோன்றின. இவற்றில் நிரல் தன் விருப்பத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் போதும். செய்தி வந்துள்ள தொடர்புகளை மட்டும் இயக்க முறைமை அறிவிக்கும்.

இவ்வறிவிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத்தும் மையப் பகுதியே நிகழ்ச்சிச் சுழல் எனப்படுவது. அதன் செயல் மூன்றே படிகளைக் கொண்டது. முதலாவதாக, ஏதேனும் நிகழ்ச்சி உண்டா என்று கேட்கிறது. இரண்டாவதாக, உண்டெனில் அதற்கென்று முன்பே குறித்து வைக்கப்பட்ட சிறு செயலைச் செய்து முடிக்கிறது. மூன்றாவதாக, அச்செயல் வேறெங்கோ ஒரு மறுமொழியை எதிர்பார்க்குமாயின், ‘அது வந்தபின் இன்னது செய்க’ என்று குறித்துக்கொண்டு மீண்டும் முதற்படிக்குத் திரும்புகிறது. நிகழ்ச்சி ஒன்றுமில்லாதபோது மட்டுமே அது உறங்குகிறது.

ருஷ்யாவைச் சேர்ந்த ஈகோர் சிசோயெவ் என்பவர் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்னும் செர்வர் நிரல் இத்தத்துவத்தின் மேல் அமைந்தது. சில செயற்கூறுகளே பல்லாயிரம் தொடர்புகளைத் தாங்கக்கூடும் என்பதை அது நடைமுறையில் மெய்ப்பித்தது. 2009-இல் ரயன் டால் என்னும் அமெரிக்கர் நோட் ஜேஎஸ் என்ற தளத்தை வெளியிட்டார். அதன்பின் சாதாரண நிரலாளரும் ஜாவாஸ்கிரிப்டு மொழியில் இம்முறையைக் கையாள்வது எளிதாயிற்று.

எழுதும் முறையிலும் வளர்ச்சி ஏற்பட்டது. முதலில் ஒவ்வொரு காத்திருப்பிற்கும் பின்னர்ச் செய்யவேண்டியதைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. ஒன்றனுள் ஒன்றாக அவை அடுக்கப்பட்டமையால் நிரலைப் படிப்பதே கடினமாயிற்று. 1988-இல் பார்பரா லிஸ்கோவ், லியூபா ஷ்ரீரா ஆகிய இருவரும் ‘வாக்குறுதி’ என்னும் கருத்தைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டிருந்தனர். இப்போது கிடைக்காத மறுமொழிக்கு ஈடாக, பின்னர்க் கிடைக்கும் என்பதற்கு ஒரு சீட்டைப் பெற்றுக்கொள்வதே அதன் சாரம். இக்கருத்தின் வழியில், 2012-இல் சி ஷார்ப் மொழியிலும், 2015-இல் பைத்தானிலும், 2017-இல் ஜாவாஸ்கிரிப்டிலும் ‘இங்கே காத்திரு’ என்று எழுதும் வசதி சேர்க்கப்பட்டது. அவ்வாறு எழுதினாலும் உண்மையில் காத்திருப்பது அந்த ஒரு கணக்கு மட்டுமே; சுழல் தன் வழியே பிற வேலைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

சுழலைத் தடுக்கும் பிழை

இம்முறையில் ஒரு பேரிடர் உண்டு. சுழல் ஒன்றேயாதலால், அதன் நடுவில் எவரேனும் நீண்ட கணக்கொன்றைச் செய்யப் புகுந்தால் மற்ற அனைவரும் நின்றுவிடுவர். மண்டிக் குமாஸ்தா ஆண்டுக் கணக்கைக் கூட்ட உட்கார்ந்துவிட்டால் விவசாயிகளின் கதி என்னவோ, அதுவே இங்கும் ஆகும். பெரிய படங்களைச் சுருக்குதல், நீண்ட அறிக்கை தயாரித்தல் போன்ற கடும் உழைப்புள்ள வேலைகளைத் தனியாக வைத்துள்ள உழைப்பு இழைகளிடம் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் செய்தி அனுப்பும்படி கேட்டுக்கொள்வதே முறையாகும். காத்திருப்பு மிகுந்த வேலைக்குச் சுழல் ஏற்றது. கணக்கீடு மிகுந்த வேலைக்குக் கூடுதல் செயலகங்களே தேவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் தொல்லைகள் பல.

நாடெங்கும் பரவிய ஏற்பாடு

ஒரு செர்வருக்குள் மட்டுமின்றி, பல நிறுவனங்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பிலும் இத்தத்துவத்தைக் கையாளலாம். இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உள்ளது. யூபிஐ என வழங்கும் ஒருங்கிணைந்த பணப் பரிமாற்ற முறையை இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்துகிறது. 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் இதனைத் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டில் ஒரு மாதப் பரிமாற்றங்கள் 1,000 கோடியைக் கடந்தன. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைக் கடந்தன. அம்மாதத்தின் விநாடிகளால் வகுத்தால், சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 7,500 பரிமாற்றங்கள் ஆகின்றன.

இதன் செய்தி விதிகள் காத்திராத முறையிலேயே வகுக்கப்பட்டுள்ளன. பணம் செலுத்துக என்னும் வேண்டுகோளை ஒரு வங்கி அனுப்பியவுடன், கழகத்தின் கணிப்பொறி ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் ஒப்புகை தருகிறது. அத்துடன் அந்தத் தொடர்பு முடிந்துவிடுகிறது. பின்னர்ச் செலுத்துபவருடைய வங்கிக்குக் கழிக்குமாறும், பெறுபவருடைய வங்கிக்கு வரவு வைக்குமாறும் தனித்தனிச் செய்திகள் செல்கின்றன. அவ்வவ் வங்கிகளின் மறுமொழிகளும் தனிச் செய்திகளாகவே திரும்பி வருகின்றன. எந்த மறுமொழி எந்த வேண்டுகோளுக்குரியது என்பதை, ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் தரப்பட்டுள்ள தனி எண்ணைக் கொண்டு அறிகின்றனர். பேரேட்டின் பக்க எண் போன்றது அது. ஒரு வங்கி சுணங்கினாலும், பிற வங்கிகளின் வேலை அதற்காக நின்றுவிட வேண்டியதில்லை.

கடைகளில் ‘பணம் வந்தது’ என்று அறிவிக்கும் ஒலிப்பெட்டியும் இவ்வகையினதே. அது எவரையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. செய்தி வந்தபோது பேசுகிறது, மற்ற நேரத்தில் மௌனமாயிருக்கிறது.

ஓயாமல் வினவுவதன் விளைவு

இந்த மௌனத்தின் அருமை 2025-இல் நாட்டுக்கு விளங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று யூபிஐ சேவை பல மணி நேரம் தடுமாறியது. காய்கறிக் கடை முதல் எரிபொருள் நிலையம் வரை மக்கள் இன்னலுற்றனர். பரிமாற்றத்தின் நிலையை அறிய விழையும் வினவல்கள் அளவுக்கு மிஞ்சிக் குவிந்ததே காரணம் என்று கழகம் கண்டறிந்தது. சில வங்கிகளின் அமைப்புகள், பழைய பரிமாற்றங்களைப் பற்றியும் ‘முடிந்ததா? முடிந்ததா?’ எனத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. அதாவது, புதிய பணத்தை நகர்த்த வேண்டிய யந்திரம், பழைய பணத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளிப்பதிலேயே தன் ஆற்றலைச் செலவிட நேர்ந்தது.

இதன்பின் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஒரு பரிமாற்றத்தின் நிலையை இரண்டு மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் வினவலாகாது என்று வங்கிகளுக்குக் கூறப்பட்டது. மறுமொழிக்கு அனுமதிக்கப்பட்ட காலமும் 2025 ஜூன் முதல் குறைக்கப்பட்டது. பணம் செலுத்தும் செய்திக்கு 30 விநாடிக்குப் பதிலாக 15 விநாடியும், நிலை வினவலுக்கு 30 விநாடிக்குப் பதிலாக 10 விநாடியும் எல்லையாயின. ஒருவர் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் கணக்கின் இருப்பைப் பார்க்க இயலாதவாறும் 2025 ஆகஸ்டு முதல் வரையறை செய்யப்பட்டது.

வரிசையும் வரம்பும்

காலத்தை ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் குறைக்கவேண்டும்? வரிசைகளைப் பற்றிய கணிதம் இதற்கு விடை தருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்னும் பொறியாளர் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909-இல் எழுதிய கட்டுரையுடன் இக்கணிதம் தொடங்கியது. 1961-இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கர் ஓர் எளிய விதியை மெய்ப்பித்தார். ஓர் அமைப்பிற்குள் சராசரியாக இருப்போரின் தொகை, அவர்கள் வந்து சேரும் வேகத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் காலத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பதே அவ்விதி. விநாடிக்கு 7,500 பரிமாற்றங்கள் வந்து, ஒவ்வொன்றும் இரண்டு விநாடியில் முடியுமானால், எந்நேரமும் 15,000 பரிமாற்றங்கள் நடுவழியில் இருக்கும். அதே பரிமாற்றங்கள் 15 விநாடி எடுத்தால் அத்தொகை 1,12,500 ஆகிவிடும். வருவோர் ஒருவர்கூட அதிகமாகாமலேயே சுமை ஏழரை மடங்காகிறது!

ஆகவே காத்திராத முறை எல்லையற்ற கொள்ளளவைத் தருவதாக எண்ணுவது தவறு. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் குறிப்பேட்டிற்கும் கடைசிப் பக்கம் உண்டு. வேலையைச் செய்து முடிக்கும் வேகத்தைவிட ஏற்றுக்கொள்ளும் வேகம் மிகுந்தால், நினைவகம் நிரம்பி அமைப்பு முழுவதும் சாயும். எனவே நல்ல செர்வர் தன் வரிசைக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொண்டு, அது நிரம்பியபின் வருபவரிடம் ‘சற்றுப் பொறுத்து வருக’ என்று வாயிலிலேயே கூறிவிடுகிறது. வலைத்தொடர்பு விதிகளில் இதற்கு 503 என்ற எண் உண்டு. ‘ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை’ என்பதற்கு 202 என்ற எண் வகுக்கப்பட்டுள்ளது.

திருமலையில் யாத்திரிகர்கள் வைகுண்டம் வரிசை வளாகத்தின் கூடங்களில் அமர்த்தப்பட்டு, சன்னிதியில் இடம் உண்டாகும் அளவிற்கேற்பக் கூடம் கூடமாக விடப்படுவதும் இத்தகைய ஏற்பாடே. 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் குறித்த நேரத்தில் வலைத்தளத்தில் வெளியாகும்போது, அவற்றை நாடும் பெருந்திரளை ஒழுங்குபடுத்த நல்ல செர்வர் உதவும். ஆயின் சீட்டுகளின் எண்ணிக்கையை அது பெருக்கித் தர மாட்டாது. கணிப்பொறி வரிசையை நேர்மையாக நடத்தலாம். சன்னிதியை விரிவாக்க இயலாது.

மக்கள் அறியவேண்டியவை

காத்திராத முறையில், ‘நடந்தது’, ‘நடக்கவில்லை’ என்னும் இரண்டு நிலைகளோடு ‘இன்னும் தெரியவில்லை’ என்னும் மூன்றாம் நிலை ஒன்றும் உண்டு. செலுத்தியவர் கணக்கில் பணம் கழிக்கப்பட்டு, பெறுபவருடைய வங்கியிலிருந்து மறுமொழி வாராதிருக்கும் இடைவேளையே அது. தக்காளி விற்ற பணத்தை எதிர்நோக்கி நிற்கும் விவசாயிக்கோ, கூலியை வீட்டிற்கு அனுப்பும் தொழிலாளிக்கோ இந்த இடைவேளை பெரும் கவலை தருவதாகும்.

அச்சமயம் உடனே மறுமுறையும் பணம் செலுத்துதல் தகாது. மறுமுறை செலுத்தும்போது புதிய எண்ணுடன் புதிய பரிமாற்றமே தொடங்குகிறது. முதலாவதும் பின்னர் நிறைவேறினால் இருமுறை பணம் போய்விடும். ஒரே எண்ணுடன் இருமுறை வந்த செய்தியை இரண்டாம் முறை செயற்படுத்தாமல் விடுவது நிரலாளர் கடமை. புதிய எண்ணை உண்டாக்காமலிருப்பது பயன்படுத்துவோர் கையில் உள்ளது. பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். முறையீடு செய்ய நேரின் அதுவே சான்றாகும்.

இத்துறையில் மக்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, யூபிஐ வழியாக ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் கழிக்கப்பட்டும் உரியவரைச் சேராவிடில், மறுநாளுக்குள் அது தானாகவே திருப்பி வைக்கப்படவேண்டும். வணிகருக்குச் செலுத்திய பணமாயின் ஐந்து நாள் தவணை உண்டு. தவணை கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈட்டுத்தொகை தரவேண்டும். வாடிக்கையாளர் முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும் இதனை வழங்கும் பொறுப்பு வங்கிகளைச் சேர்ந்தது.

நிரல் எழுதுவோருக்கும் இதில் படிப்பினை உண்டு. வேண்டுகோளை ஏற்பது எளிது. ஏற்றதை மறவாமல் முடிப்பதே அரிது. ஒவ்வொரு காத்திருப்பிற்கும் ஒரு கால எல்லை, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி எண், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வரம்பு, தவறிய ஒவ்வொன்றையும் திருப்பி நேர்செய்யும் ஏற்பாடு ஆகிய நான்கும் இன்றியமையாதவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அதன் விளைவு கணிப்பொறி அறையில் மட்டும் நின்றுவிடுவதில்லை. எங்கோ ஒரு மண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, வண்டி வாடகை கொடுக்க வழியின்றி நிற்கும் ஒருவரை அது சென்று சேர்கிறது.